கட்டியை அளந்த கை

அந்தக் காலிப்பரின் முனைகள் எப்போதும் சில்லென்றிருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பங்சார் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், சுண்டெலிகளின் விலாவில் வளர்ந்த கட்டிகளை அதை வைத்துத்தான் அளந்தேன். மனிதக் கணையப் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தி வளர்த்த கட்டிகள் அவை. பெருகும் திறனை நீக்கிய ஒரு வைரஸில் மரபணுவை ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தினால் வளர்ச்சி மட்டுப்படுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி அக்காவுடையது.

உடன்பிறந்த அக்கா இல்லை, எனக்கு ஓராண்டு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். தொலைவில் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டே நான் அவருக்குப் பின்னால்தான் போய்ச் சேருவேன். இதே ஆய்வை நானும் கேட்டிருந்தேன், பேராசிரியர் அவரிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சிரித்தாலும் எனக்கு வயிறு எரிந்தது, அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிளகாய்ச் சம்பால் மணந்தாலும் எரிந்தது.

பாதி எலிகளுக்கு மரபணு ஏற்றிய வைரஸ், மீதிக்கு வெற்று வைரஸ். எதற்கு எது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது, கூண்டில் எண் மட்டும்தான் இருக்கும். பலன் தெரியாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அளக்க அக்கா என்னைத்தான் கேட்டார்.

எதற்கு எது என்று மூன்றாம் வாரம் எனக்கே புரிந்துவிட்டது. சில கட்டிகள் நாளுக்கு நாள் பெருத்தன, சில அதிகம் வளரவில்லை. ஒரு காலையில், வளராதவற்றை அளக்கும்போது பக்கத்துத் தோலையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூடியது. காலிப்பர் காட்டியதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் கேன்டீனில், ஏன் என்னை அளக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு என்மேல பொறாமைன்னு லேப்ல எல்லாருக்கும் தெரியும் லா," என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "என் ஃப்ரெண்ட் அளந்து கட்டி சின்னதா வந்தா யாரு நம்புவா? நீ அளந்து வந்தா ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது."

காலையில் செய்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது, ஆனால் திட்டவில்லை. அளவு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் விடவில்லை. அளவுகளின் குறுக்கே கோடு போட்டு, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேராசிரியரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, எல்லா எலிகளையும் மறுபடி அளந்தேன்.

மரபணு ஏற்றிய கட்டிகளில் வளர்ச்சி குறைந்திருந்தது. நிற்கவில்லை, குறைந்திருந்தது, அதுவும் எலிகளில் மட்டும். முடிவை அறிவித்த கூட்டத்தில் கைதட்டல் எல்லாம் அக்காவுக்குத்தான். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும், அந்தக் கைதட்டல் எனக்கு வந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றுகிறது.

அன்று வெளியே வந்ததும், இன்னும் பொறாமையா என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப அடுத்த பேட்சையும் நீயே அள," என்றார்.