மணி சொன்ன குரல்

தொலைபேசியில் மணி சொல்லும் சேவையை நிறுத்திவிட்டார்கள் என்று இன்று செய்தியில் படித்தேன். அத்தை நினைவுக்கு வந்தாள்.

அப்பாவின் தங்கை அவள். கீரனூரில் எங்களோடு இருந்தாள். துபாய்க்குப் போன மாமா முதலில் வெள்ளிதோறும் பேசினார். பிறகு அழைப்பே வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று அத்தை மத்தியானங்களில் மணி கேட்கும் எண்ணைச் சுழற்றுவாள். தேங்காயெண்ணெய் மணக்கும் ரிசீவருக்குள் ஒரு பெண்குரல் நேரம் சொல்லும்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பேசுவாக" என்பாள்.

துபாயிலிருந்து ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவர், மாமா அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவதாகச் சொன்னார். அத்தை போய் அதே எண்ணைச் சுழற்றினாள். குரல் கேட்டதும் அம்மாவிடம் திரும்பி, "போனு கெட்டுப் போயிருந்தா நல்லாருந்திருக்குமே, அண்ணி" என்று உடைந்து அழுதாள்.

போன மாசியில் அத்தை இறந்தாள். கழுத்தில் தாலி இருந்தது.