அடி வாங்கியவரின் பூரிப்பு

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையில், தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர். மொட்டைத் தலையில் சந்தனம், விரல் நகத்தில் இன்னும் அழியாத ஓட்டு மை. வரிசை நகரும்போதெல்லாம் "அரோகரா" என்று கூவிக்கொண்டே, முன்னால் நின்ற கைக்குழந்தைக்காரியை முழங்கையால் தள்ளி அரையடி முன்னேறிவிடுவார்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த ஒருவன் பிரம்பை வீசினான். அடி அவருடைய வெற்றுத் தோளில் விழுந்து, சிவந்து தடித்தது. அவரோ பூரித்துப்போனார்.

"இப்டி ஒரு ஆளு கையில நாட்டக் குடுத்துடணும் சார். எலக்‌ஷன்லாம் எதுக்கு? நம்ம ஜனம் அடிச்சாத்தான் அடங்கும்."

"அடி வாங்கனது நீங்கதானே?"

"ஆங், பட்டுது. ஆனா அது எனக்கு இல்ல சார். பின்னால தள்ளிகினு வர்றானுங்களே, அவனுங்களுக்கு வெச்சது."

அவருக்குப் பின்னால் நின்றது நான்தான்.

பிரம்பு மறுபடி உயர்ந்தது. அவர் சட்டென்று குனிந்துகொண்டார். என் முதுகு எரிந்தது. நியாயம் கிடைத்துவிட்ட முகத்தோடு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிரம்புக்காரனின் முகம் மறந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் இன்றும் மறக்கவில்லை.