லைன் காலியாகட்டும்

கிரேன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவரை நாங்கள் மேல்மாடி என்போம். காலியான மேல்மாடி இல்லை, அய்யா, படு கெட்டிக்காரர். கீழே நின்று வாக்கி-டாக்கி செட்டில் அவருக்கு வழி சொல்கிறவன் நான். அதில் ஒருவர் பட்டனை அழுத்திப் பேசினால் மற்றவர் கேட்க மட்டும்தான் முடியும். அதனால் அடுத்தவர் முடிக்காமல் இவர் வாயைத் திறக்க மாட்டார். வேலைக்கு நல்ல பழக்கம். வீட்டுக்கு? நாசமாய்ப் போன பழக்கம்! மனைவி பேச ஆரம்பித்தால், முடிப்பதற்குள் மனுஷன் தூங்கிவிடுவார்.

மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதற்குள் இவருடைய மைத்துனர் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "அப்பா, நீங்க வேண்டாம்னு சொன்னாத்தான் மாமா கேப்பாரு" என்று பெண் கெஞ்சியிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் குடும்பமே வீடியோ காலில் கூடியது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள். இவர் போனைப் பிடித்தபடி கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்.

"பேசுங்கண்ணே!" பல்லைக் கடித்தேன்.

"இரு. லைன் காலியாகட்டும்."

எங்கே காலியாவது? "மச்சான் ஒண்ணும் சொல்லல, அவருக்கும் சம்மதம்தான்" என்று மைத்துனரே பேச்சை முடித்துப் போனையும் வைத்துவிட்டார்.

உடனே மகள் கூப்பிட்டாள். "நீங்ககூட வாயத் திறக்கலையேப்பா." அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் முடிக்கவில்லை, வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தேன்.

கூண்டுக்குள் போன் கூடாது. வழக்கம்போல என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். சற்று நேரத்தில் அது அடித்தது. மைத்துனர்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதே சரி சொல்லிவிடப் போகிறாராம். செட்டில் அதைச் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த கிரேன் நின்றது.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு செட்டுகிட்ட வை."

வைத்தேன்.

"மச்சான், கல்யாணம் வேண்டாம். பொண்ணு படிக்கணும்."

"அதெப்படி மச்சான், நான் வாக்கு குடுத்துட்டேன்!" என்று போனில் மைத்துனர் குதித்தார். மேலே எதுவும் கேட்காது. பட்டனிலிருந்து அவர் விரலை எடுக்கவே இல்லை.

"அவ படிக்கணும். நான் இன்னும் பேசி முடிக்கல. அவ படிக்கணும்."

அங்கிருந்த செட் எல்லாவற்றிலும் அவர் குரல்தான். கம்பி கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மைத்துனர் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில், "அய்யோ, சரி, சரி! வேண்டாம்னே சொல்லிடறேன்!" என்றார்.

அதைச் சொல்ல நானும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஊஹூம். லைன் காலியாகவே இல்லை.