பள்ளி ஒலிபெருக்கியின் வொலியூம்

மின்சுற்றுப்படம் வரையும்போது ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டிக்கொண்டு போனால் எனக்குப் பொறுக்காது. கணினியில் வரைந்து கணினியிலேயே ஓடவிட்டுப் பார்க்கிற படம்தான், யாரும் சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை. இருந்தாலும் வடிவாக இருக்க வேண்டும். இந்த வடிவுப் பைத்தியம்தான் என் மானத்தை வாங்கியது.

தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பள்ளிவாசலில் ஒலிபெருக்கிப் பெட்டியின் வொலியூம் கரகரத்தது. உள்ளே, குமிழோடு சேர்ந்து திரும்புகிற மாறும் தடை தேய்ந்துவிட்டது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் என்று வாப்பா சொல்லாத ஆள் ஊரில் இல்லை, ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. அதே அளவில் தடை புத்தளம் டவுனில் கிடைக்கவில்லை. வேறு அளவு சரிவருமா என்று பார்க்க, பெட்டியின் சுற்றைக் கணினியில் வரைந்து ஒரு மாறும் தடையைச் சேர்த்தேன். அதற்கு மூன்று கால்கள். முதல் காலில் ஒலி நுழையும், கடைசிக் கால் ஒலியே இல்லாத நிலமுனைக்கு, நடுக்கால் இரண்டுக்கும் இடையே ஓடி வேண்டிய அளவை எடுக்கும். கோடுகள் பின்னிக்கொண்டன. என் கை சும்மா இருக்குமா? அந்த உறுப்பை இடம் வலமாகப் புரட்டிப் போட்டேன். கோடுகள் நேராகிவிட்டன, முதல் காலும் கடைசிக் காலும் இடம் மாறிவிட்டன. திரையில் அந்தத் தடையைக் கூட்டிக் குறைக்கிற சறுக்கியை இழுத்தால் அலை பெருத்தது, சிறுத்தது. எந்தப் பக்கம் இழுத்தால் பெருக்கிறது என்று பார்த்தேனா? அதுதான் இல்லை. வேறு அளவில் ஒரு புதுத் தடை வாங்கி, படத்தில் இருந்தபடியே ஈயம் வைத்து ஒட்டினேன். குமிழை நடுவில் வைத்து மைக்கைத் தட்டினேன், சத்தம் வந்தது. எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

பாங்கு சொல்கிற மோதினார் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வயதான மனிதர். பள்ளியின் பின்னறைதான் அவருக்கு வீடு. பள்ளியின் மறுபக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடியாததால், விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்கு மட்டும் வொலியூமை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பாங்கு சொல்வார். யாரும் கேட்டுச் செய்ததல்ல, அவராகச் செய்வது.

மறுநாள் சுபஹுப் பாங்கு ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டு வந்தது. படுக்கையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர் குறைத்திருக்கிறார், என் கைவேலை அதைக் கூட்டியிருக்கிறது. தொடங்கிய பாங்கை இடையில் விட அவருக்கு மனம் வராது, அதே சத்தத்தில் முழுவதையும் சொல்லி முடித்தார். பிள்ளை வீரிட்டது எங்கள் வீடுவரை கேட்டது.

தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகத் தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "புது சாமான் போட்டு ஒரு நாளாகல்ல மோதினார்! இனி வேற ஆளத்தான் பாக்கணும் போல."

"நான் கொறச்சுத்தான் வெச்சேன் ஹாஜியார்."

நான் இடையில் புகுந்தேன். "அவர்ல பிழை இல்ல ஹாஜியார். நான்தான் வயர மாத்திப் போட்டுட்டேன்."

தலைவர் என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, படிச்ச புள்ளட கொணத்த! அடுத்தவன்ட பிழையத் தன்ட தலையில போட்டுக்கொள்ளுது."

என்ன முசீபத்து இது! குமிழைத் திருகிக் காட்டினேன். குறைக்கக் குறைக்கச் சத்தம் கூடியது. "திருகித் திருகி உள்ளுக்க பெரட்டிட்டார்" என்றார் ஒருவர். ஓடிப்போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினேன். அலை பெருத்துச் சிறுத்ததைக் கண்டு எல்லாருக்கும் சந்தோசம். "இவ்வளவு வடிவாக் கீறியிருக்கு, இதுல எங்க மகன் பிழை?" என்றார் தலைவர். கத்தினேன், சத்தியம் பண்ணினேன். கத்தக் கத்த நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். கடைசியில் அங்கேயே இருந்து இரண்டு வயரையும் மாற்றி ஒட்டினேன். மோதினார் பழுதாக்கியதை நான் திருத்திக் கொடுத்ததாகத்தான் அதுவும் முடிந்தது.

"இந்தப் புள்ளைக்காக இந்த முறை உடுறேன்" என்று தலைவர் எழும்பினார்.

எல்லாரும் போனபின் மோதினார் என் இரண்டு கைகளையும் பிடித்தார். "என்னால ஒங்களுக்குக் கரச்சல் மகன்."

"நான் சொன்னது உண்மை, மோதினார். பிழை என்னோடதுதான்."

"ஓம் மகன், ஓம்" என்றார், அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறவர் போல. அவரும் என்னை நம்பவில்லை.

இப்போது குமிழ் சரியாக வேலை செய்கிறது. ஆனால் அவர் அதைத் தொடுவதில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று சுபஹுக்குப் பெட்டியையே போடாமல், வாசற்படியில் நின்று வெறும் குரலில் பாங்கு சொல்கிறார். குரல் ஏறும் இடங்களில் இருமல் வருகிறது. "வயர் இப்ப சரி, பயப்படாமக் கொறச்சு வைங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"நீங்க திருத்தித் தந்த சாமான் மகன்" என்கிறார். "நான் தொட்டா திரும்பவும் பிழச்சுப் போகும்."