எறங்கீட்டுச் சொல்லுங்க

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையில் ஒரு வீடு என் கையை விட்டுப் போனது. எப்படிப் போனது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்குகிறதா, பாருங்கள்.

வாசலூர்பட்டியில், போட் ஹவுஸ் ஏரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது அந்த வீடு. இரண்டு அறை, ஒரு பலா மரம், சவுக்கு மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. சொந்தக்காரர் நல்லசாமி அண்ணன். சமவெளியிலிருந்து போய் மலையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இப்போது முழங்கால் மக்கர் செய்வதால் நாமக்கல்லில் மகள் வீட்டோடு வந்துவிடுகிறார்.

முதல்முறை பார்க்கப் போனபோதே என் மனைவி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க... இங்க ஆணி அடிச்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?”

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டுவதற்கே ஓனரிடம் மனுப் போட வேண்டும். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்ட ஒரே சொத்து, ஒரு சுவர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

“அண்ணா, நீங்க சொன்ன வெலைக்கே நாங்க எடுத்துக்கறமுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “ரொம்ப சந்தோசமுங்க தம்பி. எறங்கீட்டுச் சொல்லுங்க.”

“இப்பத்தானுங்ணா சொன்னேன்?”

“ஆமாங்க. எறங்கீட்டுச் சொல்லுங்க.”

ஆள் நம்மை நம்பவில்லை என்று தோன்றியது. உடனே என் மச்சினனுக்கு போன் போட்டேன். கோயம்புத்தூரில் ஃபிளாட் விற்கிற கம்பெனியில் இருக்கிறான். “வாய்ல சொன்னா யாரு மாமா மதிப்பாங்க? எழுத்துல ஆஃபர் குடுங்க. கண்டிஷனெல்லாம் போட்டு, பதிலையும் எழுத்துல கேளுங்க!”

அவ்வளவுதான். அண்ணனிடமே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, மேற்படி வீட்டை மேற்படி விலைக்கு வாங்கச் சம்மதம், வில்லங்கம் இருக்கக் கூடாது, பேங்க் லோன் கிடைக்க வேண்டும், பதிலை எழுத்துமூலம் தெரிவிக்கவும்... என்று விளாசினேன். வேலையில் சேர்ந்த அன்றுகூட அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

அண்ணன் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். மடித்தார். சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

“பத்தரமா இருக்கட்டுமுங்க. எறங்கீட்டுச் சொல்லுங்க.”

பஸ்ஸில் இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே என் வயிறு ஜன்னல் வழியாக மலையிடம் விடைபெற்றது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு வளைவில் சபதம்கூட எடுத்தேன். மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில், காரவள்ளியில் சோடா குடித்ததும் சபதம் காலாவதியானது.

“வீடு வேணும்தானுங்களே? அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லீருங்க” என்றாள்.

“எழுத்துல குடுத்தாச்சு அம்மிணி. இனி அவருதான் பதில் சொல்லோணும். நாமளே கூப்பிட்டா கெத்து கொறஞ்சுபோயிரும்.”

கெத்து! எனக்கு!

காத்திருந்தேன். தபால்காரரை இவ்வளவு பாசமாக நான் பார்த்ததே இல்லை. அவர் பயந்துபோய் எதிர்ப்பக்கமாகவே போக ஆரம்பித்தார்.

போன ஞாயிறு பொறுக்கமுடியாமல் இரண்டு பேரும் மேலே போனோம். நல்லசாமி அண்ணன் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“ஊடு குடுத்தாச்சுங்களே தம்பி. சேந்தமங்கலத்துல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கிற பாய்க்கு.”

எனக்குச் சோடா குடிக்காமலே ஏப்பம் வந்தது. “அவரு எழுதிக் குடுத்தாரா?”

“இல்லீங்க. எறங்கீட்டுச் சொன்னாருங்க.”

“நான் எழுத்துலயே குடுத்தனேங்ணா!”

“மேல உக்காந்துதானுங்களே எழுதுனீங்க?” அவர் நிதானமாகச் சொன்னார். “இந்தக் குளுரு காத்துல ஏரியப் பாத்துப்போட்டு, ஊடு வேணும்னு சொல்லாத ஆளே இல்லீங்க தம்பி. எழுபது வளைவு எறங்கறதுக்குள்ள முக்காவாசிப்பேரு மனசு மாறிப்போயிருதுங்க. காரவள்ளி போயி, வாந்தியெடுத்து, சோடா குடிச்சு... அப்பறமும் வேணும்னு கூப்புட்டாத்தான் கேட்டதா அர்த்தமுங்க. இங்க வெளியாளுக்கு ஊடு குடுக்கறவங்க எல்லாருக்கும் அதுதான் கணக்கு.”

“நான் வாந்தியெடுத்தேனுங்ணா!” என்றேன், சர்டிபிகேட் நீட்டுகிறவனைப்போல.

“அதைச் சொல்லோணும்ல தம்பி? உங்க போனுக்கு எத்தன நாளு பாத்தேன் தெரியுமுங்களா? பாய்கிட்டக்கூட, மொதல்ல ஒருத்தரு கேட்டிருக்காரு, பொறுங்கன்னு சொன்னேன். நீங்க கூப்புடவே இல்ல. வேண்டாமாட்டிருக்குதுன்னு உட்டுப்போட்டேன்.”

அப்படியென்றால் அவர் என்னை நம்பாமல் இல்லை. நான்தான் என் பேப்பரை நம்பிவிட்டேன்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். திருநீறு ஒட்டியிருந்தது. மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அதில் ஏற்கெனவே ஒரு ஆணி அடித்திருந்தார்.

மச்சினனைக் கூப்பிட்டுக் கத்தினேன். “மாமா, அந்தப் பேப்பர் மட்டும் இருந்தாச் செல்லாது. ரெண்டு பேரும் அக்ரிமெண்ட் போட்டு ரிஜிஸ்டர் பண்ணோணும்” என்றான்.

“அப்பறம் எதுக்குடா எழுதச் சொன்னே?”

“ஒரு சேஃப்டிக்குத்தான்...”

யாருடைய சேஃப்டிக்கு? வாயில் சொன்னால் மச்சினன் மதிப்பதில்லை. எழுதிக் கொடுத்தால் மலை மதிப்பதில்லை. நடுவில் இருக்கிற எழுபது வளைவில் நான் எந்த வளைவில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

திரும்ப இறங்கினோம். என் வயிறு தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காரவள்ளியில் பஸ் நின்றதும் மனைவி என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

“அண்ணா, எறங்கீட்டமுங்க. அந்தப்பக்கம் அடுத்து எந்த ஊடு வெலைக்கு வந்தாலும் எங்களுக்குத்தானுங்க. ஆமாங்க... அவரும் எடுத்துட்டாருங்க.”

மறுமுனையில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. “அப்பச் சரிங்க அம்மிணி. இப்பத்தான் நீங்க கேட்டிருக்கறீங்க.”

பரவாயில்லை... இந்தத் தடவை எடுத்த வாந்தி வீண்போகவில்லை.