இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நீண்ட கை

கீபோர்டுக்காரரின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வலப்பக்கம் நிற்பது கல்யாணமான புதிதில் வாங்கிய பெரிய பெட்டி. அதன் ஜோடி ஒரு மழைநாளில் புகைந்துபோக, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி இடப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பெரியதற்கு அடித்தொண்டை, சின்னதற்குக் கீச்சுக் குரல். ஒன்று பேசினால் மற்றது எரிந்து விழும்.

இரண்டையும் ஒத்துப்போக வைத்தது அவர் மனைவிதான். தையல்காரரின் மூத்த மகள். ஒரு பாட்டை முழுதாகப் பாடத் தெரியாது. எந்தக் கூடமானாலும் நட்டநடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். அவர் கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருப்பார். சத்தம் வரும் பக்கம் அவள் கை நீளும். கை எந்தப் பெட்டிப் பக்கம் சாய்கிறதோ அதைக் குறைப்பார்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் திருப்புங்க. என் காதுலதான் நிக்குது, மூக்குக்கு நேரா வரல" என்பாள்.

மூக்குக்கு நேரே வந்துவிட்டால் வாசிப்பு தொடங்கும்.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், அவரே தன் காதைக் கொண்டு சரிபார்க்க வேண்டியதாயிற்று. சின்னப் பெட்டி வர வர முனகியது. ஏற்றினார். மேலும் ஏற்றினார். மாலைதோறும் அவர் வாசிக்கும் ஓட்டலின் மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, இந்தச் சின்னப் பெட்டிப் பக்க மேஜைல உக்கார்றவங்க எல்லாம் எழுந்து அந்தப் பக்கம் ஓடுறாங்க. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாருன்னுட்டார் முதலாளி."

அந்த வாசிப்பும் போனால், மாலையில் அவர் திரும்புவதற்கு இருப்பது ஆளில்லாத வீடு.

மறுநாள் வெள்ளனவே மைத்துனனை அழைத்துக்கொண்டு ஓட்டல் கூடத்துக்குப் போனார். மனைவியின் தம்பி, குழாய் வேலை செய்பவன்.

"சனியன் பிடிச்ச பெட்டி, மாப்ளே. உயிரே இல்ல."

"உயிரில்லையா? என் கடவாப்பல்லு ஆடுது அத்தான்!" அவன் காதைப் பொத்திக்கொண்டான். "தண்ணி வரலைன்னா கோளாறு குழாய்லயா தொட்டிலயான்னு மொதல்ல பார்ப்போம். ரெண்டையும் இடம் மாத்தி வச்சுப் பாருங்க."

மாற்றினார்கள். அவர் கட்டையை அழுத்தினார். இத்தனை நாள் முனகிய சின்னப் பெட்டி வலப்பக்கத்திலிருந்து கத்தியது. பெரிய பெட்டி, பாதி ஆயுள் கூடவே வந்த பெட்டி, இடப்பக்கம் ஊமையாக நின்றது. அவர் முகத்தைத் திருப்பி வலது காதை அதன் பக்கம் காட்டினார். பெட்டி தொண்டை நிறைய முழங்கிக்கொண்டிருந்தது.

கை கட்டையை விட்டு இறங்கியது.

"அக்காவுக்குத் தெரியும் அத்தான்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "'அவருக்கு எடது காது போய்க்கிட்டு இருக்கு. சொன்னா கீபோர்டை மூடி வச்சுட்டு உக்காந்துருவாரு. நீ வாயத் தொறக்காதே'ன்னுச்சு."

கடைசி வருடங்களில் அவள் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தாள். சாக்கடைக்குப் பயந்து ஒதுங்குகிறாள் என்று கேலி செய்திருக்கிறார்.

பெட்டிகள் பழைய இடத்துக்கே போயின. சொல்லாமலே மைத்துனன் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கண்ணைத் திறந்து, "சிரிக்காதீங்க" என்றான். கை நீண்டது. அவளுடைய அதே மெலிந்த மணிக்கட்டு. சின்னப் பெட்டிப் பக்கம் சாய்ந்திருந்த கை, அவர் குறைக்கக் குறைக்க நகர்ந்து, மூக்குக்கு நேரே நின்றது. அவர் காதில் சத்தம் முழுக்க வலப்பக்கம் சரிந்து கிடந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

அன்று மாலை எந்த மேஜையிலும் யாரும் எழவில்லை. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார். கீபோர்டுக்காரருக்கு மட்டும் இடப்பெட்டி எட்டவில்லை; தன் இடது கை வெறும் பலகையைத் தட்டுவது போலிருந்தது.

வீடு திரும்பும்போது மைத்துனன் இடப்பக்கமாக நடந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அவர் நின்றார்.

"மாப்ளே, ஒங்கக்கா வர்ற பக்கம் வா."