காலியாக இருக்க வேண்டிய தட்டு

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நான் கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டு, தினமும் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஆராய்ச்சி மாணவியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். புகுந்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு ரொட்டிக் கடை. மதிய ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் பன் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கான மாவை, உப்பவைக்கிற ஈஸ்ட் நுண்ணுயிரைச் சேர்த்து, விடிகாலையில் பிசைவது என் வேலை. பிசைந்து மூடி வைத்துவிட்டு, தலையைக்கூட ஒழுங்காக வாராமல் ரயிலுக்கு ஓடுவேன்.

ஆய்வுக்கூடத்திலும் எனக்கு ஈஸ்ட்தான் வேலை! இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஈஸ்ட் தன் மேல்சவ்வைக் கட்டிக்கொள்ள இனோசிட்டால் என்ற பொருள் வேண்டும். சாதாரண ஈஸ்ட் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெளியில் தாராளமாகக் கிடைத்தால் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதை எந்த மரபணு ஆட்டிவைக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. என்னிடம் இருந்ததோ மரபணு பழுதான ஈஸ்ட். அந்த ஈஸ்டால் இனோசிட்டாலைத் தயாரிக்கவே முடியாது. ஆகவே இனோசிட்டால் கலக்காத ஊட்டக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் அதைத் தடவினால் எதுவும் முளைக்கக் கூடாது. தட்டு காலியாக இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்.

ஆரம்பத்தில் காலியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தட்டைத் திறந்தால், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தண்ணீர் சரியில்லையோ என்று மாற்றினேன். சர்க்கரையை மாற்றினேன். தட்டுகளைக் கிருமி போக மறுபடி வேகவைத்தேன். ஊகூம்! அதே சோதனைக் குழாயிலிருந்து ஈஸ்டை எடுத்து இன்னொரு மாணவி தடவினால் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் தடவினால் முளைக்கிறது. பழுது தானாகவே சரியாகிவிட்டதா? அப்படியென்றால் அவள் கையில் ஏன் சரியாகவில்லை? "உன் கை ராசியான கை" என்று கேலி வேறு. அழுகை அழுகையாக வந்தது. பேராசிரியர் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நான் பிரசவ விடுப்பில் போவதற்குள் இது சரியாகாவிட்டால் இந்த ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அப்போது எனக்கு எட்டாம் மாதம்.

மறுநாள் காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் எதிரே உட்கார்ந்தார். என் வயிற்றைப் பார்த்தார். கை நிறைய இருந்த வளைகாப்பு வளையல்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வளையலு சந்துல எல்லாம் மாவு காஞ்சி ஒட்டிக்கினு கீது? கழுவ மாட்டியா?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி வளையல்களுக்கு நடுவே பொருக்குப் பொருக்காகப் பன் மாவு! கைகளைத் தினமும் சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுக் கழுவினேன். வளையல்களை நினைக்கவே இல்லை. வளைகாப்புக்குப் பிறகு, தட்டைத் திறந்து குனியும்போதெல்லாம் அந்தப் பொருக்கு உதிர்ந்திருக்கிறது. மாவில் இருந்த கடை ஈஸ்ட் பழுதில்லாதது. இனோசிட்டாலைத் தானே தயாரித்துக்கொண்டு ஜம்மென்று வளர்ந்திருக்கிறது. அன்றே ஒரு பொருக்கைச் சுரண்டித் தட்டில் தேய்த்து வைத்தேன். முளைத்தது.

விடை கிடைத்தும் நிம்மதி இல்லை. பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது. எனக்கு அம்மா இல்லை என்பதால் வளைகாப்பையே மாமியார்தான் செய்து வைத்திருந்தார். அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், மாவுத் தொட்டி முன்னால் உட்கார்ந்து தேம்பிவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வளையலக் கழட்றதா? வாயக் கழுவுடி!" என்றார் மாமியார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பாட்டுக்குப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, என்னை நகர்த்திவிட்டுத் தொட்டி முன் உட்கார்ந்தார்.

"மாவுதானே ஒட்டுது? மாவத் தொடாத. நீ வர்றதுக்கு மின்ன யாரு பெசைஞ்சா? இத்தச் சொல்றதுக்கு இத்தினி அழுகையா? போ, ரயிலு போய்டும்."

வளையலைக் கழற்றுவது ஒன்றுதான் வழி என்று மனத்தைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேனே, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இன்றுவரை விளங்கவில்லை.

பழைய பிரஷ்ஷால் வளையல்களைத் தேய்த்துக் கழுவி, மேலே துணி சுற்றிக்கொண்டு புதுத் தட்டுகள் போட்டேன். ஒன்றில்கூட எதுவும் முளைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுமே மொளைக்கலியா? அடக் கடவுளே!" என்றார். அதற்காகத்தான் சந்தோஷப்படுகிறேன் என்று புரியவைப்பதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போதும் ஒன்று புரியாமல் தவிக்கும்போது முதலில் என் கையைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். அப்புறம், உள்ளுக்குள்ளேயே அழுதுகொண்டிருக்காமல், பக்கத்தில் இருக்கிறவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.